பெருநாள் பலகாரம், பிள்ளைகளின் கையால்

(நமது அறக்கட்டளையின் ரமளான் மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)

 

அல்லாஹ்வின் பேரருளால் ரமளானின் பாதியைக் கடந்து விட்டோம். இன்னும் இரண்டு வாரத்தில், இன்ஷா அல்லாஹ், பெருநாள். வீடுகளில் துணி எடுக்கும் பேச்சும் தையற்கடைக்கு நடக்கும் நடையும் தொடங்கி விட்டன. பலகாரத்துக்கு மட்டும் பல வீடுகளில் ஒரே வழிதான்: பெருநாளுக்கு முதல் நாள் அஸருக்குப் பிறகு கடைக்குப் போய் இரண்டு கிலோ கலப்பு இனிப்பு வாங்கி வருவது. பிள்ளைகள் அந்தப் பெட்டியைத் திறக்கிறார்கள், பிடித்த நிறத்தை எடுத்துத் தின்கிறார்கள், கைப்பேசியோடு மூலையில் உட்கார்ந்து கொள்கிறார்கள்.

நமக்கு முந்திய தலைமுறையில் அப்படி இல்லை. ரமளானின் கடைசிப் பத்தில் உம்மும்மாவின் வீட்டு முற்றத்தில் அச்சுமுறுக்குச் சட்டி ஏறும். நானகத்தான் தட்டு அடுக்கடுக்காகப் போகும். மாவில் கைவைக்காத பிள்ளையே இருக்காது. அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட உங்களை இங்கே அழைக்கவில்லை. வரும் பெருநாளுக்கு உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம், அதை ஏன் செய்ய வேண்டும் என்று சொல்லவே அழைத்தோம்.

ஏன் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும்?

கடைப் பெட்டியைத் திறக்கும் பிள்ளை வாங்கிக்கொள்ளும் பிள்ளை. தன் கையால் ஓர் உருண்டை பிடித்த பிள்ளை கொடுக்கும் பிள்ளை. "இது நான் செஞ்சது, சாப்பிடுங்க" என்று பக்கத்து வீட்டு வாசலில் நின்று சொல்லும்போது அந்தக் குரலில் இருக்கும் நிமிர்வைக் கவனித்துப் பாருங்கள். கொடுக்கும் பழக்கத்தைப் பாடமாகச் சொல்லிப் பதிய வைப்பது கடினம். ஒரு தட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் தானாகப் பதிந்து விடும்.

நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களிடம் குழம்பு வைக்கும்போது தண்ணீரைக் கூடுதலாக ஊற்றி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கச் சொன்ன செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. அங்கே பேச்சு விருந்தைப் பற்றியது அல்ல, அன்றாடக் குழம்பைப் பற்றியது. இருப்பதைக் கொஞ்சம் நீட்டி நாலு பேருக்குப் போகச் செய்வதுதான் அதன் கருத்து. நாம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர விரும்புவதும் அதுவே.

ஆண் பிள்ளைகளையும் சேருங்கள். "அடுப்படியில ஆம்பளப் புள்ளைக்கு என்ன வேலை" என்று எந்த வாப்பும்மாவாவது கேட்டால், நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

எப்போது, யாருக்கு என்ன வேலை?

நோன்பு நேரத்தில் உம்மாமார்களுக்கு அஸருக்கு மேல் மூச்சு விட நேரம் கிடையாது. தராவீஹுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ஆகவே விடுமுறை நாளில் காலை பத்து மணி சரியான நேரம். ஒரு நாளில் ஒரே பலகாரம் போதும். நீங்கள் நோன்பாளி, இனிப்புச் சரியா என்று பார்க்கும் பொறுப்பை நோன்பு பிடிக்கும் வயது வராத வாண்டுகளிடம் விட்டுவிடுங்கள். அந்தப் பதவிக்கு வீட்டில் போட்டியே நடக்கும்.

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் பேரீச்சம்பழம் கழுவலாம், உருண்டையைத் தேங்காய்த் துருவலில் புரட்டலாம். ஆறு முதல் எட்டு வயதில் உருட்டலாம், வடிவம் வெட்டலாம். ஒன்பது வயதுக்கு மேல் அளந்து போடவும் மாவு சலிக்கவும் பொருட்களின் பட்டியலை எழுதவும் விடுங்கள். அடுப்பும் கொதிக்கும் எண்ணெயும் பெரியவர்களுக்கு மட்டுமே. அச்சுமுறுக்கும் கலகலாவும் நல்ல பலகாரங்கள்தாம்; ஆனால் அவை பிள்ளைகளோடு செய்யும் பட்டியலில் வேண்டாம். எண்ணெய் இல்லாத நான்கை மட்டும் இப்போது பார்ப்போம்.

ஒன்று: பேரீச்சைப் பிறை

நோன்புப் பெருநாள் காலையில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டே நபி (ஸல்) அவர்கள் தொழுகைக்குப் புறப்படுவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. எனவே முதல் பலகாரம் பேரீச்சையில் இருப்பதே பொருத்தம்.

கொட்டை நீக்கிய பேரீச்சை 250 கிராம். மென்மையான ரகமாக இருக்கட்டும். நெய் ஒரு மேசைக்கரண்டி. வறுத்துத் தோல் நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்த வேர்க்கடலை அல்லது முந்திரி 50 கிராம். உலர்ந்த தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி. ஏலக்காய்த் தூள் ஒரு சிட்டிகை. சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

உம்மா செய்யும் வேலை மூன்று நிமிடம்தான். அடி கனத்த சட்டியில் நெய் விட்டு, பழத்தைப் போட்டு, சிறு தீயில் மசித்துக் கிளறி, பொடியும் ஏலக்காயும் சேர்த்து இறக்கி விடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகளிடம் கொடுங்கள். நெய் தடவிய தட்டில் அரை அங்குல கனத்துக்குத் தட்டச் சொல்லுங்கள். நன்றாக ஆறிய பின் ஒரு சிறிய டம்ளரின் வாயை வைத்து அழுத்தினால் வட்டம் வரும். அதே டம்ளரை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்து மறுபடி அழுத்தினால் பிறை வரும். பிறை அச்சு தேடிக் கடை கடையாக அலைய வேண்டாம். மிச்சம் விழும் துண்டுகளை உருண்டையாக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டினால் நட்சத்திரக் கூட்டமாயிற்று. காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் நன்றாக இருக்கும்.

இரண்டு: கடல்பாசி

இப்தாருக்கு நாம் செய்யும் அதே கடல்பாசிதான். பிள்ளைகளுக்காக இரண்டு அடுக்காகச் செய்து வடிவம் வெட்டப் போகிறோம்.

10 கிராம் கடல்பாசியைச் சிறு துண்டுகளாக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் இருபது நிமிடம் ஊற வையுங்கள். அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்து, ஓர் இழை கூடத் தெரியாமல் கரையும் வரை கொதிக்க விடுங்கள். அரை லிட்டர் பாலைத் தனியே காய்ச்சி, 100 கிராம் சர்க்கரை கரைத்து, சூடாகவே இரண்டையும் கலந்து வடிகட்டுங்கள். பால் குளிர்ந்திருந்தால் கடல்பாசி உடனே கட்டி கட்டியாகத் திரளும். அதனால் இரண்டும் சூடாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பாதியை அகலத் தட்டில் ஊற்றுங்கள். மீதிப் பாதியை மிகச் சிறு தீயில், உறையாமல் வெதுவெதுப்பாக வையுங்கள். தட்டில் உள்ளது மேலே இறுகியதும், அடுப்பில் உள்ளதை இறக்கி, இரண்டு கரண்டி பீட்ரூட் சாறு கலந்து மேலே மெதுவாக ஊற்றுங்கள். பீட்ரூட் சாற்றைக் கொதிக்க வைத்தால் நிறம் மங்கும். இறக்கிய பிறகு சேருங்கள். பச்சை வேண்டுமென்றால் ரம்பை இலை அரைத்துப் பிழிந்த சாறு. மஞ்சள் வேண்டுமென்றால் வெந்நீரில் ஊறிய குங்குமப்பூ.

கடல்பாசிக்குக் குளிர்பெட்டி தேவையில்லை, அறை வெப்பத்திலேயே உறையும். இது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் பலகாரம் என்று நாங்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். உறைந்ததும் பிள்ளைகள் பிறையும் சதுரமும் வெட்டட்டும். பால் சேர்ந்திருப்பதால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். பெருநாளுக்கு முந்திய இரவு செய்தால் குளிர்பெட்டியில் வையுங்கள்.

மூன்று: நானகத்தான்

மைதா ஒரு டம்ளர், பொடித்த சர்க்கரை அரை டம்ளர், உறைந்த நெய் அரை டம்ளருக்குச் சற்றுக் குறைவாக, சமையல் சோடா ஒரு சிட்டிகை, ஏலக்காய்த் தூள். மைதாவில் பாதிக்குக் கோதுமை மாவு போட்டாலும் சரிதான். நெய்யையும் சர்க்கரையையும் முதலில் கையால் நுரைக்கத் தேய்த்து, சலித்த மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. மாவு உதிர்ந்தால் அரைக் கரண்டி நெய் சேருங்கள்.

எலுமிச்சை அளவில் உருட்டி லேசாகத் தட்டுவது பிள்ளைகளின் வேலை. முள்கரண்டியால் கோடு போடலாம், கரண்டிக் காம்பால் புள்ளி வைக்கலாம், பிஸ்தாப் பொடி தூவலாம். ஒன்று கோணலாக வந்தால் திருத்தாதீர்கள். அந்தக் கோணல்தான் "இது என்னுடையது" என்று பிள்ளை அடையாளம் காட்டுவது.

அவன் இல்லாத வீட்டில் அடி கனத்த பெரிய சட்டியில் கல்லுப்பு பரப்பி, நடுவில் ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். நானகத்தான் தட்டை உள்ளே வைத்து மூடி, சிறு தீயில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். அடிப்பக்கம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம். சூட்டில் மெத்தென்று இருக்கும், ஆறினால் இறுகும். பத்து நாளைக்குக் கெடாது.

ஷாம் நாட்டுக் குடும்பங்கள் பெருநாளுக்கு முன் கூடி உட்கார்ந்து, பேரீச்சை உள்ளே வைத்த ரவை மாவை மரச் செதுக்கு அச்சில் அழுத்தி 'மஃமூல்' செய்கிறார்கள். எகிப்தில் சர்க்கரைப் பொடி தூவிய 'கஹ்க்'. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் தென்னங்குருத்தைப் பின்னி அதற்குள் அரிசி வேகவைக்கும் 'கெதுபாட்'. பலகாரத்தின் பெயர் ஊருக்கு ஊர் மாறுகிறது. பெருநாளை எதிர்பார்த்துக் குடும்பமாக உட்காரும் வழக்கம் மாறவில்லை. நானகத்தான் உருட்டும்போது இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். உலகம் முழுக்க தம் வயதுப் பிள்ளைகள் இதே வேலையில் இருக்கிறார்கள் என்று அறிவது அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி.

நான்கு: பெருநாள் காலைத் தட்டு

இனிப்பு பிடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள், இனிப்பு ஆகாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது. ஓர் இட்லியைப் பாதியாக வெட்டித் தட்டில் நிறுத்தினால் குவிமாடம். ஆவியில் வெந்த கேரட் குச்சிகள் இரண்டு பக்கமும் மினாரா. கொத்தமல்லித் தழை தோட்டம். வெள்ளரி வட்டத்தில் டம்ளர் வித்தையால் ஒரு பிறை. தொழுகை முடிந்து பசியோடு வரும் பிள்ளை இதைத் தானே அடுக்கித் தானே சாப்பிடும்.

ஒரு வேண்டுகோள். எந்தத் தின்பண்டத்திலும் அல்லாஹ்வின் பெயரையோ ஆயத்தையோ எழுத வேண்டாம். துணுக்குகள் கீழே விழும், காலில் படும். 'ஈத் முபாரக்' என்று எழுத ஆசை என்றால் டப்பாவின் மேல் ஒட்டும் காகிதத்தில் எழுதட்டும்.

கவனிக்க வேண்டியவை

2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். துணிக்குப் போடும் ரோடமின்-பி என்னும் சாயம் அதில் இருந்ததே காரணம். நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான், அவற்றுக்கும் அளவு உண்டு. பெயர் இல்லாத பொட்டலத்தில் வரும் நிறப்பொடியை வீட்டுக்குள் விடாதீர்கள். பீட்ரூட்டும் ரம்பையும் குங்குமப்பூவும் நமக்குப் போதும்.

கடையில் ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வாங்குபவர்கள் உறையைப் படியுங்கள். 441 என்றோ ஜெலட்டின் என்றோ இருந்தால் அது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்பட்டது. எந்த விலங்கு என்பது தெரியாது. 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறம். 406 என்றிருந்தால் அது நம் கடல்பாசிதான். படிக்கத் தெரிந்த பிள்ளையிடமே இந்த எண்களைச் சொல்லிக் கொடுங்கள். உங்களை விடக் கறாராகப் பார்ப்பார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழு பாதாம், முந்திரி, வேர்க்கடலை கொடுக்காதீர்கள். தொண்டையில் அடைத்துக்கொள்ளும், பொடித்தே சேருங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் துளியும் கூடாது. சில பிள்ளைகளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வெளியே போகும் ஒவ்வொரு டப்பாவிலும் உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று உங்கள் பிள்ளை கையால் எழுதிய சிறு சீட்டு இருக்கட்டும். அண்டை வீட்டார் சைவமாக இருப்பார்கள். நாம் சொன்ன முதல் மூன்றிலும் முட்டை இல்லை, அவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

ஆறு காலி டப்பாக்கள்

இனி, உங்களை அழைத்ததன் முக்கியமான காரியத்துக்கு வருகிறோம்.

நம் மஹல்லாவில் வாப்பா இல்லாத வீடுகள் இருக்கின்றன. நோயில் படுத்த குடும்பத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஃபித்ரா அரிசி அந்த வீடுகளுக்குப் போகிறது. இறைச்சிக்கும் யாராவது பொறுப்பேற்கிறார்கள். பலகாரத்துக்குப் பேக்கரிப் பெட்டி வாங்கிக் கொடுக்கும் நல்ல மனிதர்களும் உண்டு, அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் அப்படிப்பட்ட வீட்டுத் தாய் ஒருவர் எங்களிடம் சொன்ன சொல்லை உங்கள் முன் வைக்கிறோம்: "பெட்டி வேணாம்மா. மாவும் நெய்யும் தாங்க. புள்ளைங்களோட உக்காந்து சுட்டுக்கிறேன். பெருநாளன்னைக்கு எல்லா வீட்டுல இருந்தும் எங்களுக்குத் தட்டு வருது. எம்புள்ள திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு தட்டு இல்ல."

இந்தச் சொல் எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அந்த வீட்டில் பசி இல்லை. தட்டும் நிறைந்துதான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இல்லாதது கொடுக்கும் வாய்ப்பு. ஆண்டுதோறும் வாங்கி மட்டுமே பழகும் பிள்ளை, வாங்குபவனாகவே தன்னை எண்ணிக்கொண்டு வளர்கிறான். அரிசி மூட்டையால் அதைத் தீர்க்க முடியாது.

ஆகவே இந்தப் பெருநாளுக்கு 'பலகாரப் பை' தருவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு பையில் மைதா அரை கிலோ, சர்க்கரை அரை கிலோ, நெய் 200 கிராம், பேரீச்சை அரை கிலோ, வறுத்த வேர்க்கடலை 100 கிராம், தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு கடல்பாசிப் பொட்டலம், செய்முறை அச்சிட்ட ஒரு தாள். இவற்றோடு ஆறு காலி டப்பாக்கள். பையில் மிக முக்கியமான பொருள் அந்தக் காலி டப்பாக்கள்தாம். அந்த வீட்டுப் பிள்ளை தன் கையால் செய்ததை அவற்றில் வைத்துப் பெருநாள் காலையில் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டும். அப்போது "எதுக்குடா இதெல்லாம், உங்க வீட்டுக்கு வச்சுக்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பி விடாதீர்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே ஒன்றை வாயில் போட்டு, "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு" என்று சொல்லுங்கள்.

மூன்று விஷயங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். முதலாவது, பலகாரப் பை ஃபித்ரா ஆகாது. ஃபித்ராவை நம் ஜமாஅத் அறிவிக்கும் அளவில், பெருநாள் தொழுகைக்கு முன் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். ஒரு ஸாஉ என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்த நான்கு அள்ளு. ஃபித்ரா அரிசியை இந்த ஆண்டு உங்கள் வீட்டில் வாப்பா தன் கையால் அள்ளிப் போட, பிள்ளைகள் எண்ணட்டும். பலகாரப் பைக்கு நீங்கள் தருவது சதகா. இரண்டாவது, பை இருபத்தேழாம் இரவுக்கு முன்பே வீடு சேர வேண்டும். பெருநாளுக்கு முந்திய இரவு போனால் செய்ய நேரம் இருக்காது. மூன்றாவது, கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டாம். வாங்கும் பிள்ளையின் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது. அதே வகுப்பில் படிக்கும் உங்கள் பிள்ளையும் அதைப் பார்ப்பான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பை கட்டும் வேலை வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இதே கூடத்தில் நடக்கும். உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள். அளக்க ஒரு டம்ளரும், எழுத ஒரு பேனாவும் கொண்டு வந்தால் போதும். பொருளாகத் தர விரும்புபவர்கள் வெள்ளிக்குள் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஒரே பொருள் குவிந்துவிடாமல் பிரித்துக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் நோன்புகளையும் தொழுகைகளையும் ஏற்றுக்கொள்வானாக. நம் பிள்ளைகளின் சின்னக் கைகளைக் கொடுக்கும் கைகளாக ஆக்குவானாக. ஆமீன். முன்கூட்டியே உங்கள் அனைவருக்கும் எங்கள் பெருநாள் வாழ்த்துகள். வஸ்ஸலாம்.